குளிரில் முந்திய கேட் கடிகாரம்

என் செல்ல மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மற்றபடி நலமா என்று கேட்டால் அதற்குப் பதில் ஒரு வரியில் வராது, அதனால்தான் இத்தனை தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். உன்னுடைய இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. பதில் இல்லையே என்று கோபித்துக்கொண்டிருப்பாய். எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை, இரண்டு முறை பேனாவை எடுத்தேன், "இங்கு அனைவரும்" என்பது வரைக்கும் எழுதிவிட்டு அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தில் உன் தங்கை கணக்குப் போட்டுவிட்டாள், அவளைத்தான் உனக்குத் தெரியுமே, வெற்றுத் தாள் கண்ணில் பட்டால் விடமாட்டாள். இப்போது அவளையே எழுதச் சொல்லிவிட்டேன். நான் பேசுகிறபடியே எழுதடி என்றால், "லெட்டர்னா எழுத்துத் தமிழ்லதாம்மா இருக்கணும்" என்று ஒவ்வொரு வார்த்தையையும் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். வார்த்தை அவளுடையதாகத் தெரிந்தாலும் விஷயம் முழுக்க என்னுடையது என்று வைத்துக்கொண்டு படி.

அப்பாவுக்கு பேக்கரியில் வேலை மாறவில்லை, இன்னும் விடிவதற்கு முன்னாலேயே அடுப்புப் பக்கம் போய்விடுகிறார். இந்தக் குளிரில் ஊரிலேயே சூடாக இருக்கும் ஆள் நான்தான் என்று பெருமை வேறு. கண்ணாடி மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை, பேப்பரைக் கை நீட்டும் தூரத்துக்குப் பிடித்துக்கொண்டு "என் கண்ணுல கோளாறு இல்ல, கை நீளம் பத்தல" என்கிறார். மாடிப்படிக் கைப்பிடியைச் சரிசெய்தாயிற்று. உன் அறையில் இப்போது உன் தங்கையின் புத்தகங்கள் இருக்கின்றன, நீ வந்தால் அவற்றை எங்கே வைப்பது என்று இப்போதே கவலைப்படுகிறாள், உன்னை எங்கே படுக்க வைப்பது என்று கவலைப்படவில்லை.

இரண்டு கடிதத்திலும் நீ கேட்டிருந்தாய், மில் கேட் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாதம், வெயில் அப்படிக் கொளுத்திய நாட்களில், மில்லுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் கடிகாரத்தைக் கழற்றி இறக்கும்போது உள்ளே பெண்டுலத்தின் மரத்தண்டு முறிந்துபோனது. கேட்டைத் திறந்து மூடுகிற என் பொறுப்பில் இருந்த கடிகாரம், ஆபீசில் சொன்னால் என் தலைதான் உருளும் என்று பயந்து உன்னிடம் வந்து சொன்னேன். நீ முறிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளவு எடுத்து, லேத் பட்டறையில் பித்தளையில் புதுத் தண்டு ஒன்றைக் கடைந்து கொண்டு வந்து மாட்டினாய். என்ன மினுமினுப்பு அது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அது ஆடுவதைப் பார்க்கவே ஷிப்டுக்கு வருகிற பெண்கள் ஒரு நிமிடம் நிற்பார்கள். கீழே இருக்கும் நட்டைத் துளித்துளியாகத் திருகி, தினமும் ரேடியோ மணியோடு ஒப்பிட்டு, ஒரு வாரம் போராடிச் சரியாக ஓட வைத்துவிட்டுத்தான் நீ ரயில் ஏறினாய். அப்போது அது சரியாக ஓடியது நிஜம். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

நீ போன பிறகும் நான் பழைய வழக்கப்படி திங்கள்கிழமைதோறும் அப்பாவின் கைக்கடிகாரத்தை ரேடியோ மணிக்குச் சரிசெய்து கட்டிக்கொண்டு போய், கேட் கடிகாரத்தின் முள்ளைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ தள்ளி வைப்பேன். குளிர் தொடங்கியதிலிருந்து பின்னே தள்ள வேண்டியிருந்தது, ஆனால் வாரத்துக்கு ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம், அதை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிற ரகம். வந்தவுடன் ஒரு நோட்டீஸ் ஒட்டினார், எட்டு மணி அடித்தவுடன் கேட் மூடப்படும், கேட் கடிகாரம் காட்டுவதுதான் மில்லின் நேரம், மாதத்தில் மூன்று முறை வெளியே நின்றால் வேலை இல்லை. அதற்கு மேல், பேக்கிங் பிரிவு மேஸ்திரி அவரிடம் போய் ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். "சார், கேட்டம்மா திங்கக்கிழமையானா கடிகாரத்துல கை வெக்கிறாங்க. அவங்க தங்கச்சி எப்பவும் கடைசியாத்தான் வரும். தங்கச்சி வர்ற வரைக்கும் அக்கா முள்ளப் புடிச்சு நிறுத்தி வெக்கிறாங்க சார்" என்று. அவ்வளவுதான், மறுநாள் கடிகாரப் பெட்டிக்குப் பூட்டு வந்துவிட்டது. சாவி ஆபீசில். வாரம் ஒருமுறை ஆபீஸ் பியூன் வந்து திறந்து கடிகாரத்துக்குச் சாவி முறுக்கிவிட்டு, முள்ளைத் தொடாமல் பூட்டிவிட்டுப் போவார். தொடக்கூடாது என்று உத்தரவு. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். திருடி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன் சித்தி ஏன் கடைசியாக வருகிறாள் என்று உனக்குத் தெரியும், ஆனால் மேஸ்திரிக்குத் தெரியாது. சித்தப்பா லாரியோடு போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. குட்டிப் பெண்ணைப் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும், அந்த அம்மாவோ ராத்திரி டூட்டி முடிந்து பஸ் பிடித்து வர வேண்டும். அவர் பஸ் இறங்குவதைப் பார்த்ததும் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு இவள் ஓடத் தொடங்குவாள், மணி அடிக்கும்போது கேட்டுக்குள் ஒரு கால் இருக்கும். எத்தனை வருடமாக ஓடுகிறாள், ஒரு நாள் தவறியதில்லை. பூட்டு போட்ட பிறகு தவற ஆரம்பித்தாள். முதல் தடவை, நர்ஸம்மாவின் பஸ் தாமதமோ என்று நினைத்தேன். அவளைக் கேட்டேன், "எப்பவும் வர்ற நேரத்துக்குத்தாங்க்கா வந்தேன்" என்றாள். இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "எப்பவும் வர்ற நேரம்னா கேட் எப்படிடி மூடியிருக்கும், ஒழுங்கா சீக்கிரம் கிளம்பு" என்று சொன்னேன். மாடி ஜன்னலில் மேனேஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் தங்கை என்பதால் நான் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற நினைப்புதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது.

மூன்றாவது முறையைச் சொல்லாமல் விட்டால் தேவலை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். அன்று காலை பனி, கேட்டின் இரும்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது. சாலை முனையில் அவள் ஓடி வருவது எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சால்வை ஒரு பக்கம் தொங்க ஓடி வந்தாள். கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. என் கை தாழ்ப்பாளில் இருந்தது. அடித்து முடிக்கும்வரை நின்றேன், முடிந்தது, தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "அக்கா, எதிர்ல பாரு, போஸ்டாபீசே இன்னும் தொறக்கல" என்றாள். தபால் நிலையம் எட்டுக்குத் திறக்கும், ஷட்டர் மூடித்தான் இருந்தது. "அவங்க நேரம் அவங்களோட. நமக்கு இந்தக் கடிகாரந்தான். போயிடு, மேல இருந்து பாக்குறாரு" என்றேன். அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "சரி, பூட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். நான் ரிஜிஸ்டரில் பெயர் எழுத உள்ளே போகவில்லை, அங்கேயே நின்றேன். நெடுநேரம் கழித்துத்தான் தபால் நிலையத்து ஷட்டர் தூக்கப்பட்டது. அந்த ஊழியர் எப்போதும் போல நிதானமாகத்தான் தூக்கினார், தாமதமாக வந்த மனிதரின் பதற்றம் அவரிடம் இல்லை. அது என் மனதில் முள் மாதிரி தைத்தது. அன்று மாலையே சித்திக்கு வேலை போனது.

வீட்டில் வந்து சொன்னேன். நம் வீட்டு டைம்பீஸை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது, அது குப்புறப் போட்டால்தான் ஓடும். உன் தங்கை அப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கி ரேடியோ மணிக்கு வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற வழியில் கேட்டில் நின்று கம்பி வழியாகப் பார்த்தாள். மில் கடிகாரம் எட்டு நிமிடத்துக்கும் மேலாக முந்தியிருந்தது. அதற்கப்புறம் அவள் செய்ததை அவளே எழுதட்டும், எனக்கு அந்தக் கணக்கெல்லாம் நாக்கில் நிற்காது.

அண்ணா, இந்தப் பகுதி மட்டும் நான். முதலில் யாரோ முள்ளைத் தவறாக வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் தவறாக வைத்த கடிகாரம் ஒவ்வொரு நாளும் அதே அளவுதான் தவறாக இருக்கும். இது அப்படி இல்லை, தினமும் சுமார் கால் நிமிடம் கூடிக்கொண்டே போனது. அப்படியென்றால் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. வேகத்தை முடிவு செய்வது பெண்டுலம்தான், அது ஒருமுறை ஆடினால் சக்கரம் ஒரு பல் நகரும். எங்கள் புத்தகத்தில் ஊசல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் உள்ளதைச் சோதிக்க வாசல் நிலையில் நூல் கட்டி ஒரு பூட்டைத் தொங்கவிட்டு ஆட்டினேன். சின்னப் பூட்டை எடுத்துவிட்டுப் பெரிய பூட்டைக் கட்டினாலும் ஆட்டத்தின் நேரம் மாறவில்லை. நூலின் நீளத்தை மாற்றினால் மட்டும்தான் மாறியது. நூலைக் கால்பங்காகக் குறைத்தால், முன்பு ஒருமுறை ஆடிய நேரத்தில் இருமுறை ஆடியது. நீளம் குறைந்தால் வேகம், கூடினால் மந்தம். (அப்பா இரண்டு முறை பூட்டில் இடித்துக்கொண்டார். "நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கே இனி அனுமதி வாங்கணும் போல" என்றார்.) அப்படியானால் மில் கடிகாரத்தின் பெண்டுலம் குறைந்திருக்க வேண்டும், ஆனால் பூட்டிய பெட்டிக்குள் அதை யார் வெட்டியிருக்க முடியும்? அதற்கடுத்த பாடத்தில் விடை இருந்தது. உலோகம் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். மரத்தண்டு நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அதனால்தான் பழைய ஆட்கள் நல்ல கடிகாரத்துக்கு மரத்தைப் போட்டார்கள் போலிருக்கிறது. இரும்பு மாறும். பித்தளை அதைவிட மாறும். கேட் அறைக்கு இரண்டு பக்கமும் திறப்பு, மேலே தகரம். கோடையில் சரியாக வைத்த தண்டு குளிர்காலத்தில் நகத்தின் கனத்தைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும் என்று கணக்குப் போட்டேன். அது போதும், ஒரு நாளைக்குக் கால் நிமிடம் முந்திவிடும். விடை கிடைத்த சந்தோஷத்தில் நான் துள்ளிக்கொண்டு, "அந்தத் தண்டு என்னம்மா, மரமா உலோகமா?" என்று சத்தமாகக் கேட்டேன். அம்மா, "பித்தளை" என்றாள். அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகுதான் அது யார் செய்த தண்டு என்று எனக்கு உறைத்தது. நான் துள்ளியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுபடியும் அம்மா. அவளை நான் திட்டவில்லை, "உனக்கு அது பாடம்டி, சித்திக்கு அது வயித்துப்பாடு" என்று மட்டும் சொன்னேன், அதற்கே அழுதுவிட்டாள். அப்பா வழக்கம்போல லேசாக்கப் பார்த்தார். "கடிகாரத்துக்கும் குளிர் எடுக்குதாம், நாளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி மாட்டிடு" என்றார், ஆனால் அவருக்கே சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் சித்திக்கு வேலை திரும்பக் கிடைக்கும். ஆனால் கடிகாரம் ஏன் முந்தியது என்று கேட்பார்கள், பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், மில் சொத்தில் வெளியாள் கை வைத்தது தெரியும், அந்த வெளியாள் நீ, வைக்கவிட்டவள் நான். ஆபீசுக்குத் தெரியாமல் செய்த காரியம். மேஸ்திரி சொன்னது பொய் என்று இத்தனை நாள் சொன்ன வாயால் கடிகாரத்தில் கை வைத்தோம் என்று எப்படிச் சொல்வேன். இன்னொன்றும் இருந்தது. நீ செய்த பொருளில் குறை என்று நாலு பேர் சொல்வதைக் கேட்க எனக்கு மனமில்லை. இந்த நினைப்போடு ஒரு வாரம் போய்விட்டது. தினமும் முந்திக்கொண்டே போன கடிகாரத்தைப் பார்த்து, அது தவறு என்று தெரிந்துகொண்டே, தாழ்ப்பாளைப் போட்டேன். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு பேர் வெளியே நின்றார்கள். அதில் ஒருத்தி மேஸ்திரியின் ஆள், அவர் என்னை முறைத்துக்கொண்டே போனார்.

அந்த வாரம் சித்தி ஒரு சலவைக் கடையில் வேலைக்குப் போனாள். நான் அவள் வீட்டுக்குப் போனேன், கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், டீ கொடுத்தாள், எல்லாம் செய்தாள், முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. சலவைச் சோடாவில் ஊறிய கை வெடித்து, விரல் நுனியெல்லாம் துணி சுற்றியிருந்தது. அந்த விரல்களால்தான் மில்லில் அறுந்த நூலைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடுவாள். அவள் இடத்துக்குப் புது ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று அன்றைக்குக் காலையில்தான் கேள்விப்பட்டிருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குள் வேறு பேச்சு இல்லை.

மறுநாள் கேட்டை மூடிவிட்டு நேராக மாடிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளையடிக்க வந்ததிலிருந்து. மேனேஜர் முதலில் நம்பவில்லை, தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, "என் வாட்ச்சும் அதே நேரந்தானேம்மா காட்டுது" என்றார். பியூன் மெல்ல, "சார், நீங்க தினமும் உள்ள வரும்போது கேட் கடிகாரத்தைப் பாத்துத்தானே வாட்ச்சைத் திருப்புறீங்க" என்றார். அவருக்கு முகம் மாறியது. நோட்டீசில் போட்டதை அவரே ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார், பாவம். ஆபீசில் இருந்த மற்றவர்களும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மில் மொத்தமும் இப்போது பத்து நிமிடம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. டெலிபோனில் விசாரித்தார், தபால் நிலையத்துக்கும் ஆள் அனுப்பினார். பிறகு பெட்டியைத் திறந்து தண்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டார், "இது எவ்வளவு சுருங்கியிருக்கும்? ஒரு விரல்கடை?" என்று. "நகத்தோட கனங்கூட இருக்காது சார்" என்றேன். "நகத்தோட கனத்துக்கு ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்பிட்டோம்னு சொல்றீங்களா?" "ஆமா சார்" என்றேன். அவர் அந்தத் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை ரொம்ப சுத்தமாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். உன்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

பூட்டு போட்ட நாளிலிருந்து எழுதிய தாமதங்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டார்கள். சித்திக்கு ஆள் அனுப்பி வரச் சொன்னார்கள். மேஸ்திரி இப்போது எல்லோரிடமும், "நான் அப்பவே சொன்னேன்ல, அந்தக் கடிகாரத்துல ஏதோ கோளாறுன்னு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மில் தச்சர் காய்ந்த மரத்தில் ஒரு தண்டு செதுக்கிப் போட்டுவிட்டார், திங்கள்கிழமைதோறும் ரேடியோவோடு ஒப்பிடுவது இனி ஆபீஸ் வேலை. என்னைக் கேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேனேஜர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லாம செஞ்சதுக்கு ஏதாவது ஒண்ணு செஞ்சாகணும்மா" என்றார். இப்போது நூல் சுற்றும் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு அங்கே வேலை பழக்குவது யார் தெரியுமா, உன் சித்திதான். இந்த வயதில் என் தங்கையிடம் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்கிறேன். என் விரல்கள் தாழ்ப்பாளுக்குப் பழகியவை, நூல் அவற்றில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

முதல் சில நாட்கள் அவள் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. "இப்படிப் புடி", "இழுக்காதே", "மறுபடியும்". எல்லோரிடமும் சொல்வது போலத்தான் சொன்னாள், அதட்டவும் இல்லை. எனக்கு அதட்டினால் தேவலை போல இருந்தது. முந்தாநாள் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அவள் எழுந்து போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நானே பேச்சை எடுத்தேன், "கடிகாரம் தப்பாக் காட்டும்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றேன். அவள் சொன்னாள், "கடிகாரம் தப்பாக் காட்டுச்சு, அது ஒரு சாமான், அதுக்கு என்ன தெரியும். நான் சரியான நேரத்துக்கு வந்தேன்னு மூணு தடவ உன்கிட்ட சொன்னேன். நான் பொய் சொல்லுவேன்னு நீ எப்படிக்கா நெனச்ச?" அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் பாத்திரத்தைத் திறந்து பாதியை என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டுக்கொண்டே, "அவனுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எழுது. நீ மறைச்சு வெச்சேன்னா அவன் அங்கயும் இப்படியே ஏதாவது செஞ்சுகிட்டிருப்பான். ஆனா அவனை நான் திட்டினதா எழுதாதே. உன்னைத்தான் திட்டினேன், அதை வேணும்னா எழுது" என்றாள். அதனால்தான் இன்று உட்கார்ந்தேன்.

ஆகவே இதைப் படித்துவிட்டு நீ சாப்பிடாமல் கிடக்க வேண்டாம். உன் அளவு சரியாகத்தான் இருந்தது, அது கோடைக்கு மட்டும் எடுத்த அளவு. அங்கே நீ எந்த மெஷினுக்கு எதைக் கடைந்தாலும் அது வெயிலில் இருக்கப் போகிறதா குளிரில் இருக்கப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பயந்துகொண்டு ஆபீசுக்குச் சொல்லாமல் உன்னிடம் கொண்டுவந்தது நான், அந்தப் பாரத்தை நீ எடுத்துக்கொள்ளாதே. சித்திக்கு நீயே தனியாக ஒரு கடிதம் போடு. என் கடிதத்துக்குள் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடாதே, அவள் பெயர் போட்டு அவள் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. பெரிய பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், நடந்தது தெரிந்தது, என் தண்டினால்தான் நடந்தது என்று நேராக எழுது, அவளுக்கு அப்படி எழுதினால்தான் பிடிக்கும். அவள் விரல் இப்போது ஆறி வருகிறது. அங்கே குளிர் இங்கேயுள்ளதைவிட அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரச் சாக்ஸோடு வேலை செய்யாதே. அப்பா உனக்கு ரஸ்க் அனுப்ப வேண்டும் என்கிறார், தூளாகத்தான் வந்து சேரும் என்று நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

உனக்கு நல்ல உடம்பும், நல்ல மனிதர்களின் பக்கத்துணையும், எதையும் மறைக்க வேண்டிய அவசியமில்லாத வேலையும் அமையட்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. சித்தி கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. நாளைக்கும் அவள் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன்.

சித்திக்கு எழுத மறக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

(எழுதியவள்: உன் தங்கை. அம்மா சொன்னதில் ஒன்றையும் விடவில்லை அண்ணா.)